இழுத்தால் இறங்கும் விளக்கு

தம்பி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உனக்கும் ஜெசிந்தாவுக்கும் மூன்றாம் ஓலை வாசிப்பார்கள். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் இரண்டு பேர் பெயரையும் ஊரையும் படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்பார். வழக்கமாக அந்த இடத்தில் பின்வரிசையில் யாராவது இருமுவார்கள், அவ்வளவுதான். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இரண்டாம் ஓலை அன்று சாயங்காலம் நீ சென்னையிலிருந்து போனில் பேசினாயே, அதற்குப் பிறகு எனக்கு ஒரு தடை தெரியும். பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை. தங்கமான பெண். தடை இந்த வீடுதான்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கே மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. "ரெண்டு வருஷம் துபாய் போயிட்டு வந்துடறேம்மா. அதுவரைக்கும் ஜெசிந்தா ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு ஒங்கூட இருக்கட்டும். வீடு, நெலம் எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும்ல? அந்தப் பத்து ஏக்கரை அவ பேருக்கு மாத்திடலாம். பேருக்குத்தான். அவளுக்கும் ஒரு பிடிப்பு இருக்கும்." அவளிடம் கேட்டாயா என்றேன். "இதுல கேக்க என்னம்மா இருக்கு?" என்று சிரித்தாய். அடேய், அந்தச் சிரிப்பு உன் தாத்தாவின் சிரிப்பு. போனை வைத்தபோது எனக்கு வந்தது கோபம்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகாதே.

கூடத்தில் விட்டத்திலிருந்து தொங்குமே பித்தளை விளக்கு, சின்ன வயதில் நீ இழுத்து இழுத்து விளையாடி அடி வாங்கிய விளக்கு, அதைப் பற்றி உனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அப்பா செய்தது. ஊரெல்லாம் அதைத்தான் சொல்லும். இன்றைக்கு நான் சொல்வதைக் கேள்.

நான் வாக்கப்பட்டு வந்தபோது தெருவுக்கெல்லாம் கரண்ட் வந்துவிட்டது, நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வயலுக்கு நடுவே ஒற்றை வீடு. கம்பம் நட வேண்டிய இடம் பக்கத்து மிராசுதாருடையது. அவருக்கும் உன் தாத்தாவுக்கும் வாய்க்கால் தண்ணீரில் தீராத சண்டை. "என் வரப்புல கம்பம் வந்தா கம்பத்தோட ஒன்னையும் சேத்து நடுவேன்" என்று அவர் சொல்ல, "ஒன் கரண்ட் எனக்கு மசுருக்குச் சமானம்" என்று இவர் சொல்ல, வீடு சிம்னி வெளிச்சத்திலேயே கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து பிளாக் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, இத்தனை மாடு வைத்திருக்கிறீர்களே, சாணத்தில் காஸ் எடுத்து விளக்கு எரிக்கலாம், அடுப்பும் எரிக்கலாம் என்றார். தாத்தாவுக்கு ஒரே குஷி. பக்கத்து வீட்டுக்காரன் வாயைப் பிளக்க வேண்டும், அதுதான் அவருக்கு முக்கியம். கொல்லையில் கிணறு மாதிரி தோண்டி, சாணத்தைக் கரைத்து ஊற்றி, அதன் மேல் இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். அங்கிருந்து குழாய் வந்து கூடத்து விட்டத்தில் ஏறியது. விட்டத்தோடு ஒட்டி ஒரு விளக்கு, மேண்டில் என்கிற வலைத்திரி கட்டி, வெள்ளை வெளேரென்று எரிந்தது.

எரிந்து என்ன பிரயோசனம்? அத்தனை உயரத்தில் இருந்தது. கூலிச் சண்டை மும்முரமாக நடந்த காலம் அது. அறுவடையில் கொடி பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், வெளியூர் ஆளை இறக்குகிறவர்கள் ஒரு பக்கம், ஊருக்கு ஊர் போலீஸ் வேன். தன் வீட்டு வெளிச்சம் நாலு ஊருக்குத் தெரிய வேண்டும், முழித்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் உறைக்க வேண்டும் என்பது தாத்தாவின் கணக்கு. வீட்டுக்குள் இருந்தவளுக்குப் பாத்திரம் கழுவினது அழுக்குப் போனதா இல்லையா என்று தெரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள். மாயவரத்தில் டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு அனுப்புகிறோம் என்று நிச்சயத்தன்று சபையில் சொல்லித்தான் என்னைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் கணக்கு மறந்துவிடக் கூடாது என்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் புத்தகத்தை எடுப்பேன். அந்த உயரத்து வெளிச்சத்தில் என் தலை நிழலே புத்தகத்தில் விழும். சிம்னியைப் பக்கத்தில் வைத்தால், "காசு போட்டு காஸ் கட்டியிருக்கு, இவ மண்ணெண்ணெய எரிக்கிறா" என்பார் தாத்தா. மாமியார் இல்லாத வீடு, பரிந்து பேசவும் ஆள் கிடையாது, சண்டை போடவும் ஆள் கிடையாது.

தினமும் காலையில் சாணம் கரைப்பது என் வேலையும் செல்லம்மாவின் வேலையும். செல்லம்மாவை உனக்குத் தெரியும், உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். காலையில் டிரம் மேலே எழும்பி நிற்கும், விளக்கும் அடுப்பும் எரிய எரியச் சாயங்காலம் கீழே அமுங்கிவிடும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய டிரம் ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு பொட்டு காஸ் வெளியே போகவில்லை. ஏனென்றால் அதன் விளிம்பு எப்போதும் கரைசலுக்குள் முங்கியே இருக்கிறது. அப்படியானால் விளக்கு ஏன் ஏறி இறங்கக் கூடாது? அடுப்புக்கரியை எடுத்து கூடத்துத் தரையில் வரைந்தேன். விட்டத்திலிருந்து வரும் குழாய் கவிழ்த்த டிரம். விளக்கோடு சேர்ந்த குழாய் தண்ணீர் நிறைந்த கிணறு. அந்தக் கிணற்றின் நடுவில் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஒரு சின்னக் குழாய், அது காஸை வாங்கி விளக்குக்குக் கொண்டுபோகும். கவிழ்த்த குழாயின் விளிம்பு தண்ணீருக்குள் இருக்கிறவரை விளக்கை இழுக்கலாம், ஏற்றலாம், எதுவும் கசியாது.

உங்கப்பா சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்த கையோடு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தா, இத அழிச்சுடாத" என்றார். நல்ல மனுஷன். எதையாவது கழற்றிப் பூட்டுவதென்றால் சோறு வேண்டாம். கும்பகோணத்தில் பாத்திரம் செய்கிறவரிடம் போய் பித்தளைக் குழாய்களை ஈயப்பற்று வைத்து வாங்கி வந்தார். நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு? வீட்ல இரு" என்றார் தாத்தா. முதல் குழாய் ஆழம் போதவில்லை. இழுத்ததும் குபுகுபுவென்று குமிழி விட்டு வீடெல்லாம் நாறியது. உங்கப்பா மறுபடி கும்பகோணம் போனார். இரண்டாவது சரியாக அமைந்தது. சங்கிலியை உருளையில் விட்டு, மறுமுனையில் பழைய தராசுப் படிக்கற்களைக் கட்டினோம், விளக்கின் பாரமும் கல்லின் பாரமும் சமமாகிற வரைக்கும். பிறகு விரலால் தொட்டால் போதும், விட்ட இடத்தில் நின்றது. ஆனால் வெடுக்கென்று இழுத்தால் மேண்டில் உதிர்ந்துவிடும், சாம்பல்தானே அது. அதற்கு ஒரு வளையம் வைத்து இறங்குவதை நிதானப்படுத்தியதும் நான்தான். காஸைக் கூட்டிக் குறைத்து மூடுகிற திருகை எட்டாத இடத்தில் வைத்திருந்தார்கள், அதைக் கீழே கொண்டுவரச் சொன்னதும் நான்தான். படிக்கும்போது பிரகாசமாக, ஜெபத்துக்கு மங்கலாக. அன்றைக்கு அந்த விளக்கைத் தலைக்கு மேல் ஒரு முழத்தில் நிறுத்திப் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் கழுவி வைத்த மாதிரி தெரிந்தது. அழுதேன் தம்பி. சந்தோஷத்தில் அழுதது இந்த வீட்டில் அது ஒரு தடவைதான்.

பாபநாசத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். தாத்தா வந்தவர்கள் முன்னால் இழுத்துக் காட்டுவார். ஒருநாள் ஜெபத்தின்போது பெருமையோடு ஒரே இழுப்பாக அடிவரைக்கும் இழுத்தார். விளக்குச் சூட்டில் குழாய்த் தண்ணீர் வற்றியிருந்தது யாருக்கும் தெரியாது. விளிம்பு தண்ணீரை விட்டு வெளியே வர, காஸ் கசிந்து, குப்பென்று பிடித்துக்கொண்டது. நான் ஓடிப்போய்த் திருகை மூடினேன். தாத்தாவின் மீசையில் பாதி போய்விட்டது. "அருள் நிறைந்த மரியே" பாதியில் நிற்க, உங்கப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். ஆனால் மறுநாள் தீர்ப்பு வந்தது. தினமும் விளக்கேற்றும் முன் ஸ்டூலில் ஏறி அந்தக் குழாயில் தண்ணீர் பார்த்து ஊற்ற வேண்டியது மருமகள். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நானும் பெருமையாகத்தான் தலையாட்டினேன். என் விளக்கு, நான்தானே பார்க்க வேண்டும்! யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மாசத்தில்தான் செல்லம்மா சாணம் கரைத்துக்கொண்டே கேட்டாள். "ஏஞ் சின்னம்மா, கீழக்கட்டளைப் பத்து ஏக்கர் ஒங்க பேர்லதானாமே? அதுலதான நாங்க நடவு நட்டுட்டு வர்றோம். ஒரு மரக்கா நெல்லு கூலிய ஏத்திக் குடுக்கச் சொல்லுங்களேன். முதலாளியம்மா நீங்களே சாணி கரைச்சா நாங்க யாரப் போயிக் கேக்கறது?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, ஏனென்றால் அதை நான் அப்போதுதான் கேள்விப்படுகிறேன். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்த நேரம். மிச்ச நிலத்தை அரசாங்கம் எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுத்துவிடும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் மாடு கன்று பேரில்கூட எழுதிவைக்கத் தயாராக இருந்தார்கள். தாத்தா மருமகள் பேரில் எழுதியிருந்தார். எங்கேயோ கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டிருந்தேன். உங்கப்பாவிடம் கேட்டேன். "பேருக்குத்தான்டி. ஒனக்கென்ன அதப் பத்தி?" என்றார். நீ போனில் சொன்ன அதே வார்த்தை.

டிரெயினிங்குக்கு இடம் கிடைத்து மாயவரத்திலிருந்து அண்ணன் கூப்பிட வந்தார். பெட்டி கட்டி வைத்திருந்தேன். தாத்தா நாற்காலியை விட்டு எழவில்லை. "அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா நெலத்த விசாரிக்க ஆபீசர் எப்ப வேணாலும் வருவாரு. நெலத்துக்காரி ஊர்ல இல்லேன்னா என்ன நெனப்பான்? அப்பறம் பாருங்க, இந்த வெளக்குக்குத் தண்ணி ஊத்த இவளத் தவிர வேற யாருக்குத் தெரியும்? வீடு பத்திக்கிட்டா?" அண்ணன் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் மாமா, ஒரு வெளக்குக்கா?" என்றார். உங்கப்பா தரையைப் பார்த்தார். நான் வரைந்த அதே தரை. அண்ணன் காபி குடிக்காமல் பஸ் ஏறினார். அன்று சாயங்காலமும் ஸ்டூலில் ஏறித் தண்ணீர் ஊற்றினேன். என் கையால் வரைந்து, என் கையாலேயே பூட்டிக்கொண்டேன் பார்.

ஆபீசர் வந்தது விளக்கு வைக்கும் நேரத்தில். என்னைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, "கேட்டா ஆமான்னு சொல்லு, போதும்" என்று சொல்லிவிட்டு, தாத்தா விளக்கை விட்டம்வரை ஏற்றிவிட்டார். என் முகம் தெரியக் கூடாது. எனக்கு என்ன தோன்றியதோ, வெளியே வந்தேன். கை நீட்டிச் சங்கிலியைப் பிடித்து விளக்கை இறக்கினேன், எனக்கும் அந்த மனிதருக்கும் நடுவில். நீ அப்போது என் வயிற்றில். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பத்து ஏக்கர் செல்லம்மா மாதிரி ஆட்களுக்குப் போகும், நான் இந்த வீட்டில் எப்படி முழிப்பது? ஆமாம் என்றால் நான் நிலத்துக்குக் காவல். அவர் என்ன செய்தார் தெரியுமா? விளக்கையே பார்த்தார். "அட, இது எப்படிங்க ஏறி எறங்குது? காஸ் கசியலையா? தண்ணியா? யாருங்க செஞ்சது?" கேள்வி மேல் கேள்வி. "எம் மவன்தான்" என்றார் தாத்தா. உங்கப்பா மறுபடியும் தரையைப் பார்த்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி என் பக்கம் திரும்பி, "நெலம் ஒங்களோடதுதானேம்மா?" என்றார். ஒரே ஒரு கேள்வி. "என்னோடதுதான்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். விளக்கு என்னுடையது, அது அவருடையது என்றார்கள். நிலம் அவர்களுடையது, அது என்னுடையது என்றேன்.

கொஞ்ச நாளில் கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற கண்ணாடி விளக்கைப் பார்த்தபோது இன்னொன்று பிடிபட்டது. கீழே தண்ணீர், மேலே எண்ணெய். எண்ணெய் மூடியிருந்தால் தண்ணீர் எங்கே வற்றும்? வீட்டுக்கு வந்து குழாயில் தண்ணீர் ஊற்றி, மேலே விளக்கெண்ணெய் ஊற்றினேன். மாசம் முழுக்கத் தண்ணீர் இறங்கவே இல்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். "மாமா, இனிமே தினம் பாக்க வேணாம். நான் இல்லேன்னாலும் எரியும்!" தாத்தா எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். "கெட்டிக்காரிதான்" என்றார். அடுத்த வருஷம் அண்ணன் மறுபடி வந்தார். அப்போது நீ கைக்குழந்தை, அது ஒரு காரணம். நிலத்து மேல் யாரோ மனு கொடுத்திருக்கிறார்கள், அது ஒரு காரணம். அறுவடை வருகிறது, கலகம் வரும், அது ஒரு காரணம். அந்தச் சங்கிலி மாதிரிதான், ஒன்றை இறக்கினால் இன்னொன்று ஏறும். விளக்கு ஒருநாளும் காரணமாக இருந்ததில்லை என்று அப்போது புரிந்தது. அண்ணன் அதற்குப் பிறகு கூப்பிட வரவில்லை. கம்பச் சண்டை தீர்ந்து கரண்ட் வந்தது, மாடுகள் போயின, தாத்தா போனார், உங்கப்பாவும் போய்விட்டார். நான் மட்டும் இன்னும் நிலத்துக்காரி. இந்த வீட்டை விட்டு சேர்ந்தாற்போல் ஒரு வாரம் போனதில்லை. போனால் யாராவது வேலியைத் தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

உங்கப்பாவை நான் வெறுக்கவில்லை. கடைசி நாட்களில் ஒரு தடவை, படுத்தபடியே விட்டத்தைப் பார்த்து, "அது ஒன்னோடதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். நான் கஞ்சியைக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? நல்லவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெண்ணுக்கு வாசல் அடைத்துத்தான் இருக்கும். நீயும் நல்லவன்தான். அதுதான் எனக்குப் பயம்.

ஜெசிந்தா எட்டு மணி டூட்டிக்கு சைக்கிளில் போவதைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தேன், தஞ்சாவூரில், போன மாசம். மணியடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து போகிறாள். அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து இந்தக் கூடத்தில் உட்கார வைத்துப் பத்து ஏக்கரைக் காலில் கட்டுவாயா? பிடிப்பாம் பிடிப்பு! அவளைத் துபாய்க்குக் கூட்டிப் போ. இல்லையா, அவள் வேலையில் இருக்கட்டும், நீ வந்து போ. எது என்று அவளிடம் கேள். கேட்க என்ன இருக்கிறது என்று இனிமேல் சொல்லாதே.

நீ கேட்கமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன், அதையும் நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள். செல்லம்மாவின் மகன்களும் அவர்கள் பங்காளிகளும் அந்தக் கீழக்கட்டளை நிலத்தை விலைக்குக் கேட்டு ரொம்ப காலமாக நடந்தார்கள். இன்று காலை பாபநாசம் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டேன். அங்கேயும் ஒருவர், "நெலம் ஒங்களோடதுதானேம்மா?" என்றார். "என்னோடதுதான்" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே அப்படித்தான். செல்லம்மா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். "இப்பவாச்சும் வெளிய வந்தீங்களே சின்னம்மா" என்றாள். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வீடு உன் பேரில் இருக்கிறது. பூட்டிச் சாவியைப் பங்குச் சாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன். இனி அது வெறும் வீடு, காவலுக்கு ஒருத்தி தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நான் மாயவரம் பஸ் ஏறுகிறேன். அண்ணன் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம். அந்தத் தெருவில் கணக்கில் உதைபடுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்களாம். கல்யாணத்தன்று அங்கிருந்து நேரே கோயிலுக்கு வந்துவிடுவேன், வண்டி அனுப்ப வேண்டாம். விளக்கைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதை உனக்குத் தர முடியாது. அது நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் தடை கேட்கும்போது நான் எழுந்திருக்கமாட்டேன், பயப்படாதே. என் மகன் கல்யாணத்துக்கு எனக்குத் தெரிந்த தடையை இன்று காலையிலேயே விற்றுவிட்டேன்.

அம்மா